பக்கத்து வீட்டு டிரம்

2005-ல் ஒரு ஞாயிறு காலை, மரக்காணத்தில் என் வீட்டில் பவளமும் கடல்மீனும் வளர்த்த கண்ணாடித் தொட்டியின் மூலை ஒட்டு விட்டு, உப்புத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. பதறாமல் கரண்ட் மெயினை அணைத்தேன். ஆனால் மீன்களை மாற்றப் பெரிய பிளாஸ்டிக் பாத்திரம் எதுவும் இல்லை.

எல்லைச் சுவர்த் தகராறில் ஒரு வருஷமாகப் பேசாத பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, மீனெல்லாம் செத்துடும். டிரம் இருந்தா குடுங்க!"

அவரிடம் இருந்தது ஒரே டிரம். அதில் லாரியில் பிடித்த குடிதண்ணீர். எங்கள் ஊரில் அது லேசில் கிடைக்காது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். அத்தனையையும் வாசலில் சாய்த்தார்.

"நிக்காதடி, ஒரு பக்கம் தூக்கு!"

தொட்டியில் மிஞ்சிய உப்புத் தண்ணீரை டிரம்மில் இறைத்து, மீன்களையும் பவளங்களையும் இருவருமாக மாற்றினோம். எல்லாம் பிழைத்தன.

பேசாமல் இருப்பதைத்தான் தைரியம் என்று நினைத்திருந்தேன். அன்று முதலில் வாய் திறந்தது நான் என்பதில் எனக்கு இன்றும் பெருமை.