ஆமைக்கறி விற்ற தெருக்கள்

எங்கள் குப்பத்தில் ஆமை அறுக்கிற இடத்துக்குப் பெண்கள் போகக் கூடாது. கட்டுமரங்களை ஏற்றி வைக்கும் மணல்மேட்டுக்கு அப்பால் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து அறுப்பார்கள். மூலத்துக்கு நல்லதென்று ரத்தத்தைச் சூட்டோடு குடிப்பார்கள். மீதிக் கறி அன்னக்கூடையில் எங்கள் வாசலுக்கு வரும். கழுவுவது, கூறு போடுவது, தலையில் சுமந்து விற்பது, சமைப்பது எல்லாம் எங்கள் வேலை. சாப்பிடும்போது மட்டும் மறுபடி ஆண்கள்தான் முதலில்.

அறுபதுகளின் கடைசி அது. ஆமை பிடிக்க அப்போது தடையில்லை. எனக்கு இருபது வயது. கல்யாணமான ஒரே வருஷத்தில் புருஷனை விட்டுத் திரும்பி வந்து, அம்மாவோடு விற்கப் போய்க்கொண்டிருந்தேன். நைனாவும் அண்ணனும் கடலுக்குப் போவார்கள். அண்ணிக்கு முதல் குழந்தை பிறந்து மூன்று மாதம். பெண் குழந்தை.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு காலையில் அவர்கள் வலையில் ஓர் ஆமை வந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது அம்மா பார்த்தாள். வழக்கமாக வருவதைவிடச் சிறியது. மூக்கு கிளிமூக்குபோல வளைந்திருந்தது.

"அழுங்காமை மாதிரி கீதே," என்றாள்.

அழுங்காமையில் சிலது விஷம். எது விஷம், எது நல்லது என்று பார்வையில் தெரியாது. ஈரலில் ஒரு துண்டைக் காக்காய்க்குப் போடுவார்கள். தின்றால் நாமும் தின்னலாம். தொடாமல் போனால் மொத்தத்தையும் மணலில் புதைத்துவிட வேண்டும். அதுவும் அறுக்கிற இடத்திலேயே ஆண்கள் செய்கிற வேலை.

கூடையை அண்ணன் கொண்டுவந்து வைத்ததும் அம்மா கேட்டாள். "காக்காய்க்குப் போட்டியா?"

"போட்டாச்சும்மா."

"துன்னுச்சா?"

"உனுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? மழ புடிச்சுக்கறதுக்குள்ள எடுத்துகினு போ."

அம்மா கூடையைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றாள். மேட்டைத் தாண்டினால் ஈரல் துண்டு கிடக்கிறதா, இல்லையா என்று அவளே பார்த்திருக்கலாம். போகவில்லை. போகலாம் என்று எனக்கும் தோன்றவில்லை.

ரயில் பாதைக்கு மேற்கே தொழிற்சாலைக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகளில்தான் எங்கள் வியாபாரம். ஆட்டுக்கறிக்கு வழியில்லாதவர்கள் வாங்குவார்கள். பல வீடுகளில் பெண்கள் அதை அடுப்படிக்குள் விடமாட்டார்கள். புருஷன்காரன் வாசலில் மூன்று செங்கல் வைத்து, அதற்கென்று ஒதுக்கிய சட்டியில் தானே சமைத்துக்கொள்வான். அன்று பதினோரு கூறு போயிற்று.

வீட்டுக்கென்று வைத்திருந்ததை நான் குழம்பு வைத்தேன். நைனாவும் அண்ணனும் சாப்பிட்டு எழுந்த பிறகு சில துண்டுகள் மிஞ்சியிருந்தன.

"பால் குடுக்கறவ, அவ துன்னட்டும். எனுக்கு வாய் கசக்குது," என்றாள் அம்மா. நான்தான் அள்ளி அண்ணி தட்டில் போட்டேன். எனக்குக் குழம்பு மட்டும் ஊற்றிக்கொண்டேன்.

மூன்று மணிவாக்கில் அண்ணன் நாக்கு எரிகிறது என்றான். அண்ணி எழுந்து ஓடி வாந்தி எடுத்தாள். நைனா சுவரோரம் சுருண்டு படுத்தார். என் தொண்டையில் முள் தைத்ததுபோல இருந்தது. அம்மா அண்ணன் எதிரில் போய் நின்றாள்.

"மெய்ய சொல்லு. காக்கா துன்னுச்சா?"

"போட்டேன்மா. மழைல ஒரு காக்காவும் வர்ல. எம்மாம் நேரம் நிக்கறது?"

அம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "வாடி," என்று என்னைக் கூப்பிட்டாள். அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தான். "வித்தவ போவட்டும்," என்றார் நைனா.

குழந்தைக்குப் பால் கொடுக்காதே என்று அண்ணியிடம் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அது கறி தின்னவில்லையே என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

அம்மாவுக்குக் கதவு எண் படிக்கத் தெரியாது. கண்ணாடிக்காரர், தெத்துப்பல்லுக்காரி என்று முகத்தை வைத்துத்தான் தேடினோம். முதல் வீட்டில் சட்டி இன்னும் செங்கல் மேல் இருந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த ஆள் எங்களை முறைத்துவிட்டு அதைச் சாக்கடையில் கொட்டினான். இன்னொரு வீட்டில் மனைவி, "நான் அப்பவே சொன்னேன்," என்று புருஷனைப் பிடித்துக்கொண்டாள். ஒருவன் கட்டிலில் படுத்தபடியே, "எனுக்கு ஒண்ணும் ஆவல, போம்மா," என்று சிரித்தான். இப்படி ஒன்பது பேரைப் பிடித்துவிட்டோம். பத்தாவது ஆள் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி வாங்கியவன். காக்கிச் சட்டை என்பது மட்டும் நினைவிருந்தது. அந்தப் பக்கம் எல்லோரும் காக்கிச் சட்டைதான்.

கடைசி வீடு பூட்டியிருந்தது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீடு. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "பொன்னேரில மாமியார் வூட்டுக்குப் போய்ட்டாங்க. கறியயும் எடுத்துகினுதான் போனாங்க."

"பொன்னேரில எங்க?"

"அது தெரியாதே."

அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஸ்டேஷனுக்குப் போனோம். பொன்னேரி வழியாகப் போகும் கும்மிடிப்பூண்டி வண்டி வந்தது. ஏறிப் போய் யாரை என்று கேட்பது? வாங்கியவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. வண்டி கிளம்பிப் போகிறவரை நின்றுகொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி, "பாப்பா இன்னிக்கு நல்லாத் தூங்குது," என்றாள். அவள் நாக்கு வெளுத்துப்போயிருந்தது. அம்மா குழந்தையை எடுத்துத் தட்டினாள், உள்ளங்காலைச் சுண்டினாள். குழந்தை கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. மார்பில் வைத்தால் வாயைத் திறக்கவில்லை.

ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழந்தை என்ன சாப்பிட்டது என்று டாக்டர் கேட்டார். தாய்ப்பால்தான் என்றோம். தாய் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். சொன்னோம். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, இதற்கு மருந்து இல்லை, காத்திருந்து பார்க்கலாம் என்றார். மறுநாள் முற்பகல் குழந்தை போய்விட்டது. கடைசிவரை அழவில்லை.

நைனாவும் அண்ணனும் நானும் தேறிவிட்டோம். அண்ணியும் பிழைத்துக்கொண்டாள். பால் மட்டும் நிற்கவில்லை. பால் வற்ற மார்பில் மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினோம். அதையும் நனைத்துக்கொண்டு வந்தது.

துக்கத்துக்கு வந்த பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அதையேதான் கேட்டார்கள். "பச்ச ஒடம்புக்காரிக்கு ஆமக்கறி எவ போட்டது?" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். "நான்தான் போட்டேன்," என்றாள் அம்மா. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷமும் மேட்டுக்கு அப்பால் ஆமை அறுத்தார்கள். அம்மா கூடையைத் தொடமாட்டேன் என்றாள். வேறு பெண்கள் சுமந்தார்கள். மீன் விற்கப் போகும்போதெல்லாம் அவள் அந்தப் பூட்டிய வீட்டுப் பக்கம் போய்ப் பார்ப்பாள். சில மாதங்கள் கழித்து அதில் வேறு குடும்பம் இருந்தது. முன்பிருந்தவர்கள் சாமான் எடுக்க யாரையோ அனுப்பினார்கள் என்றார்கள். அதற்குமேல் தெரியவில்லை.

அண்ணி பிறகு இரண்டு பிள்ளைகள் பெற்றாள். பால் கொடுத்த காலமெல்லாம் கஞ்சியும் உப்பும் மட்டுமே சாப்பிட்டாள். மீன் துண்டைக் கையில் கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு ஓரத்தில் வைத்துவிடுவாள். உடம்பு பாதியாக இளைத்துப்போயிற்று. நாங்கள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.