மைனியின் கைப்பையில் இருந்த மாத்திரை

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. நாலைந்து பேர் அக்கறையாக விசாரித்தீர்கள். 'சும்மா, வெளியூர் போயிருந்தேன்' என்று சொல்லிவைத்தேன். பொய். நாகர்கோவிலை விட்டு நான் எங்கேயும் போகவில்லை. ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, என் பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூப்பிட்டார்கள். நல்ல சேதியாகவே சொன்னார்கள். அதனால்தான் இந்த வாரம் இவ்வளவு வாய்!

எல்லாம் ஒரு சந்தன நிறச் சுடிதாரில் ஆரம்பித்தது.

எனக்கு ஐம்பத்தொன்று. பீரியட்ஸ் நின்று பதினாறு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருஷம் பட்ட பாடு இருக்கிறதே... ஃபேன் ஃபுல் ஸ்பீடில் ஓடும், எனக்கு வேர்த்து ஊற்றும். பக்கத்தில் என் வீட்டுக்காரர் கம்பளியும் மங்கி கேப்புமாக, ஊட்டிக்கு டூர் வந்தவர் மாதிரி படுத்திருப்பார். காரணமே இல்லாமல் எரிந்து விழுவேன். காரணம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதெல்லாம் ஓய்ந்தபோது பெரிய விடுதலையாக இருந்தது. மிச்சமிருந்த பேட் பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, நேரே போய் அந்தச் சுடிதாரை வாங்கினேன். முப்பத்தைந்து வருஷம் கறுப்பு, நீலம், மெரூன் என்றே உடுத்தியவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் புரியும்.

இன்னொரு சந்தோஷம்: கேலண்டரைப் பார்க்காமல் கொடைக்கு, அதாவது கோவில் திருவிழாவுக்கு, போகலாம். எங்கள் குடும்பத்து அம்மன் கோவில் கொடைக்குப் பொங்கல் வைப்பது முறை வைத்து வரும். இந்த வருஷம் என் முறை. மூன்று நாள் முன்னதாகவே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினேன். சந்தன நிறச் சுடிதாரில்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்துவிட்டது.

பதினாறு மாதம் கழித்து! அதுவும் கொடைக்கு மூன்று நாள் இருக்கும்போது! துப்பட்டாவைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன். அடுக்களையில் மைனியிடம் — அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் — காதோடு சொன்னேன். அவர்கள் அசரவே இல்லை.

"இதுக்குப் போயா இப்படி முழிக்க? வயசாச்சுல்லா... போறதுக்கு முன்ன ஒருக்கா எட்டிப் பாத்துட்டுத்தான் போவும்."

சொல்லிக்கொண்டே கைப்பையின் உள்ளறையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்கள். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடு பிள்ள. கொடை முடியது வரைக்கும் வராது."

போட்டேன். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது புதிதா என்ன? கொடையா, மாத்திரை. கல்யாணமா, மாத்திரை. புதுவீட்டுப் பால்காய்ப்பா, மாத்திரை. டாக்டரை யார் கேட்கிறார்கள்? மெடிக்கல் ஸ்டோரில் குரலைத் தாழ்த்திக் கேட்டால், பேப்பரில் சுற்றித் தந்துவிடுவார்கள்.

நின்றுவிட்டது. பொங்கலும் நன்றாகப் பொங்கியது. குலவை போட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். உடம்பு ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. நான் அதைப் பொத்திவிட்டு, 'பார், எவ்வளவு சமர்த்தாக இருக்கிறது' என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

பத்தே நாளில் மறுபடியும் வந்தது. சொட்டுச் சொட்டாக, விட்டு விட்டு. நான் என்ன செய்தேன் தெரியுமா? டாக்டரிடம் போகவில்லை. கறுப்பு பேன்ட் வாங்க ஜமீலா கடைக்குப் போனேன்.

ஜமீலா கோட்டாற்றில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறாள். காலேஜில் ஒரே பெஞ்ச். அந்தச் சந்தன நிறச் சுடிதாரை விற்றவளும் அவள்தான்.

"இனி கறுப்புப் பக்கமே வரமாட்டேன்னுல்லா சொல்லிட்டுப் போன? இப்ப என்னட்டி, கறுப்பு?"

சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. அளவு டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டு, என்னையே பார்த்தாள். சொல்லிவிட்டேன். மாத்திரை போட்டதையும் சேர்த்து.

"மக்கா, நான் ஒண்ணு கேக்கட்டா? உடம்பு சொல்லியதக் கேளுங்க, உடம்பு சொல்லியதக் கேளுங்கன்னு உனக்க பத்தியில எத்தன வாட்டி எழுதியிருக்க? நாங்க எல்லாம் கேக்கணும். உனக்க உடம்பு மட்டும் என்ன, உனக்குத் தெரியாத பாஷையா பேசுது?"

உங்களிடம் சொல்வதற்கென்ன? பயம், அவ்வளவுதான். போனால் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். போகாவிட்டால் ஒன்றும் இல்லை என்பது போல ஒரு கணக்கு. ஜமீலா, தன் கடைப் பெண்ணிடம் கல்லாவை ஒப்படைத்துவிட்டு, ஆட்டோவை நிறுத்தினாள்.

டாக்டர் அம்மா எழுதிக்கொண்டே கேட்டார். "நின்னு எத்தனை மாசம்?"

"பதினாறு."

பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"இல்லை டாக்டர்" என்றேன். மேஜைக்கு அடியில் ஜமீலா என் காலை மிதித்தாள். "போட்டேன் டாக்டர்."

அவர் திட்டவில்லை. பொறுமையாகவே சொன்னார். "ஒரு வருஷம் முழுசா நின்ன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் வந்து காட்டணும். அது பீரியட்ஸ் இல்லை. நிறையப் பேருக்கு அது சின்ன விஷயமாத்தான் இருக்கும். ஆனா சின்ன விஷயம்னு நாங்க பார்த்துச் சொல்லணும். நீங்களா சொல்லிக்கக் கூடாது."

ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் ஒரு சின்னச் சதை வளர்ச்சி தெரிந்தது. பாலிப் என்றார்கள். மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருப்பதாகவும், ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றும் சொன்னார்கள்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி என்ன எழுதுவது? புற்றுநோய் என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடமாடினோம். என் வீட்டுக்காரர் காலையில் அவராகவே காபி போட்டார். வாயில் வைக்க முடியவில்லை. 'நல்லாருக்கு' என்று குடித்தேன். அவர் அந்தப் பக்கம் போனதும் பீரோ சாவி எங்கே, பாஸ்புக் எங்கே என்று ஒரு பேப்பரில் எழுதிவைத்தேன். எழுதிவிட்டு அழுதேன். மாத்திரை போட்ட அந்த நாட்களை நினைத்து நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன்.

ஏழாம் நாள் டாக்டர் பேப்பரைத் திருப்பிக் காட்டினார். "வெறும் பாலிப்தான். வேற ஒண்ணும் இல்லை. நிம்மதியாப் போங்க."

எவ்வளவு சின்ன வாக்கியம்! வராந்தாவில் நின்று, யார் பார்த்தால் என்ன என்று ஜமீலாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். "வெளிய வா, பசிக்கு" என்றாள் அவள். எதிர்க்கடையில் ஆளுக்கு இரண்டு ரசவடை. அந்த வாரம் முழுக்க எனக்கு நாக்கு என்று ஒன்று இருந்ததே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தட்டைக் காலிசெய்துவிட்டு மைனிக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அம்மனைக் கூப்பிட்டு நன்றி சொன்னார்கள். அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது. மைனிக்கு ஐம்பத்தாறு வயது. நின்று மூன்று வருஷம் ஆயிற்று என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

"மைனி... அந்த மாத்திரை உங்க பைக்குள்ள எதுக்கு இருந்துச்சு?"

"மோட்டாரு ஓடுது, நிறுத்திட்டு வாறேன்" என்றார்கள். வர ரொம்ப நேரம் ஆயிற்று.

"ஆறு மாசமா பிள்ள. எப்பமாவது கொஞ்சம் படும். எங்கயாவது போவணும்னா ஒண்ணு போட்டுக்கிடுவேன். உங்க அண்ணன்கிட்டகூட சொல்லல்ல."

எனக்கு மாத்திரை கொடுத்தபோது, ஆறு மாதமாகத் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். 'வயசாச்சுல்லா.'

மறுநாளே கூட்டிக்கொண்டு போனோம். ஜமீலாவும் வந்தாள். ஸ்கேன் பார்த்து, உள்ளே பரிசோதித்து, கடைசியில் டாக்டர் சிரித்தார். இந்த வயதில் வரும் வறட்சியால் ஏற்பட்ட புண்ணாம். பூச மருந்து எழுதிக் கொடுத்து, அடுத்த மாதம் மறுபடி வரச் சொன்னார். மைனி கைப்பையைத் திறந்து, மிச்சமிருந்த அட்டையை எடுத்து அவர் மேஜையில் வைத்தார்கள். யாரும் கேட்கவில்லை. அவர்களாகவே வைத்தார்கள்.

மறுபடியும் ரசவடை. இந்த முறை மூன்று தட்டு.

"அது சரி மைனி," என்றேன். "அடுத்த கொடைக்கு நம்ம ரெண்டு பேருக்குமே முடியாமப் போச்சுன்னா பொங்கல் யாரு வைப்பா?"

மைனி வடையை ரசத்தில் நன்றாக அமுக்கினார்கள். "ஏன், உங்க அண்ணனுக்குக் கை இல்லியா? அவரு வைக்கட்டும்."

அண்ணா, இந்தப் பத்தியை நீங்கள் தவறாமல் படிப்பீர்கள் என்று தெரியும்... இப்போதிருந்தே அரிசி களையப் பழகிக்கொள்ளுங்கள்!