மலருக்கு நான் அனுப்பிய திட்டு

சேலத்துப் பத்திரிகையில் என்னோடு வேலை பார்த்த மலர், இப்போது போர்முனையிலிருந்து செய்தி அனுப்புகிறாள். போகாதே என்று எவ்வளவோ சண்டை போட்டேன். கேட்கவில்லை. ஆத்திரத்தில், "நீ செத்தாலும் அழ மாட்டேன்" என்று மெசேஜ் அனுப்பினேன். ஐந்து நாளாகப் பதில் இல்லை.

மலைமேல் நாகலூர் காப்பி எஸ்டேட்டில், கூலியாட்களுக்குக் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் அவள் கணவரிடம் போய்க் கத்தினேன். "எப்படிங்க நிம்மதியா வேலை பாக்கறீங்க?"

"நிம்மதி எங்கீங்க?" என்று போனை நீட்டினார். "பனியில ஆளு தெரியாதுங்க. பேரைக் கூப்பிட்டுத்தான் அட்டெண்டன்ஸ் போடுவேன். அவளுக்கும் அப்புடித்தானுங்க."

தினமும் காலையில் அவர் அனுப்பிய 'மலர்'. அதன் கீழே அவள் அனுப்பிய 'இருக்கேனுங்க'. இன்றும் வந்திருந்தது.

எனக்குத்தான் பதில் இல்லை. என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து நானும் பெயரை மட்டும் அனுப்புகிறேன். திமிர் பிடித்தவள், பதில் போடுவதே இல்லை. பார்த்துவிட்டாள் என்கிற நீலக்குறி மட்டும் தினமும் விழுகிறது.