நொதி ஊற்ற மறந்தவர் டாக்டர் அருளப்பன் அல்ல

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வகத்தில் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஆனைக்கரையிலிருந்து டாக்டர் அருளப்பனின் மனைவி ஜெயா அழைத்தார். "மயிலாத்தாக்கா, அவிய போயிட்டாவ. காப்பி கேட்டாவ, போட்டுக் கொண்டாரதுக்குள்ள…" என்றார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. ஒரு விஷயத்தைச் சொல்லாமலே இருந்துவிட்டேனே என்று என்மேல் எரிச்சல்தான் முதலில் வந்தது. பிறகு அழுதேன். அந்த விஷயத்தை, அவரை அறிந்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அவர் ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளை. கால்நடை மருத்துவம் படித்து, வெளியூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் ஆட்டு மூளை நோய்களோடு பல வருடம் மல்லுக்கட்டிவிட்டு, பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலிருக்கும் எங்கள் சின்ன ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். நான் அங்கே ஒப்பந்தத்தில் இருந்த டெக்னீஷியன். இருவருக்கும் ஒரே வயது. அவ்வளவு பெரிய இடத்தை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், "அங்க ஆடே கெடையாதும்மா, பூரா பேப்பரு" என்பார்.

பரிசோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஆட்டின் மூளை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வரும் வழியில் கறிக்கடையில் ஆட்டுத்தலை வாங்கி, டிபன் கேரியரில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவார். ஒருமுறை கண்டக்டர், "ஏனுங் சார், கறிக்கொழம்புங்களா? வாசமே வரலீங்களே" என்று கேட்டுவிட்டார். இவர் மூடியைத் திறந்து காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த பஸ்ஸில் அவருக்கு எப்போதும் இடம் கிடைத்தது, அதுவும் இரண்டு பேர் உட்காரும் இடம்.

இனி ராமாத்தாள் விஷயம். பெருமாட்டி ஊர்ப் பக்கம் ராமாத்தா அக்காவுக்கு முப்பத்திரண்டு ஆடுகள். அவற்றில் இரண்டு, தென்னை மரத்தில் உடம்பை உரசிப் புண்ணாக்கிக்கொண்டு, தள்ளாடி விழுந்து செத்தன. வெறிநோய் இல்லை என்று முதல் பரிசோதனை சொல்லிவிட்டது. பிரியான் நோயாக இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். இருந்தால் மிச்சமுள்ள முப்பதையும் கொன்று புதைக்க வேண்டியதுதான். அவர் அக்காவுக்கு விளக்கினார். "பிரியான்னு ஒரு புரதம். எல்லா ஆட்டு மூளையிலயும் இருக்கும். ஒங்க மூளையிலயும் இருக்குல்லா. அது கோணலா மடிஞ்சாத்தான் சீக்கு." அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "எனக்கு மூளை இருக்குதுன்னு இன்னிக்குத்தான் ஒருத்தரு வாயில வருது கண்ணு" என்றாள். அந்த நேரத்திலும் மூவரும் சிரித்தோம்.

அந்தப் புரதத்தில் சர்க்கரை மூலக்கூறுகள் தொற்றிக்கொள்ள இரண்டு இடம் உண்டு. சில புரதங்களில் இரண்டிலும் சர்க்கரை இருக்கும், சிலவற்றில் ஒன்றில் மட்டும், சிலவற்றில் எதுவுமே இருக்காது. சர்க்கரை கூடினால் எடையும் கூடும். அதனால் பரிசோதனை ஃபிலிமில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடுகள் தெரியும். இப்போது புரதத்தை அரிக்கும் நொதியை ஊற்றினால், நல்ல புரதம் முழுக்கக் கரைந்து ஃபிலிம் வெறுமையாகிவிடும். நோயுற்ற புரதமோ ஒரு நுனியை மட்டும் இழந்துவிட்டு மிச்சத்தோடு நிற்கும். மூன்று கோடுகளும் இருக்கும், ஆனால் ஒரு படி கீழே இறங்கி. பரிசோதனை இவ்வளவுதான்.

அன்று டாக்டர் ஆனைக்கரைக்குப் போயிருந்தார். நான் தனியாகப் பரிசோதனை செய்தேன். பஞ்சாயத்து மெம்பர் நான்கு முறை போன் செய்தார். ஃபிலிமை எடுத்துப் பார்த்தால் மூன்று கோடுகளும் அழுத்தம் திருத்தமாக நின்றன. ஐந்தாவது முறை மெம்பர் அழைத்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "என்னமோ இருக்குதுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். உறுதி செய்ய வடக்கே உள்ள பெரிய ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ஊர் அதுவரை பொறுக்குமா? மறுநாள் காலையில் ராமாத்தா அக்காவின் வேலியோரம் குழி தோண்ட ஜேசிபி வந்து நின்றுவிட்டது.

டாக்டர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஆய்வகத்துக்கு வந்தார். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நொதி ஊற்றாத மாதிரியின் கோடுகளும் பக்கத்திலேயே இருந்தன. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டு சர்க்கரைக்காரன் மேலயே நிக்கான். ஒத்தச் சர்க்கரைக்காரன், வெறும் ஆளு எல்லாம் அவனவன் எடத்துலயே நிக்கானுவ. ஒருத்தனும் ஒரு படி எறங்கலையே. நொதி ஊத்துனியளா?"

நான் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். நொதிக் குப்பி நிறைய அப்படியே இருந்தது. அதன் பக்கத்துக் குப்பியிலிருந்த வெறும் கரைசலைத்தான் ஊற்றியிருக்கிறேன். அவர் திட்டவில்லை. "நல்ல சேதின்னா ஒரு டெஸ்ட் போதும். கெட்ட சேதிக்கு ரெண்டு வேணும். வாங்க போவோம்" என்று மட்டும் சொன்னார்.

ராமாத்தா அக்கா ஆடுகளைப் பட்டியில் அடைத்து, படல் கதவை மறித்து உட்கார்ந்திருந்தாள். ஊரே கூடியிருந்தது. டாக்டர் நடுவில் போய் நின்று, "லேப்ல தப்பு நடந்துட்டு. நொதி ஊத்தாம விட்டது நான்தான். தப்பு எம்மேல" என்றார். முந்தின நாள் அவர் ஆய்வகத்திலேயே இல்லை என்பது அங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் மேலே போயிருந்தது. அது அவருக்கும் தெரியும். வாயைத் திறக்க வேண்டியவள் திறக்கவில்லை.

திரும்பிச் செய்த பரிசோதனையில் ஃபிலிம் சுத்தமாக வெறுமை. ஒன்றுமே இல்லாத ஒரு ஃபிலிமைப் பார்த்து இரண்டு பேர் கைதட்டியது எங்கள் ஆய்வகத்தில் மட்டும்தான் நடந்திருக்கும். அந்த இரண்டு ஆடுகளுக்கும் சொறிப்பூச்சி. தள்ளாடிச் செத்ததற்குக் காரணம், சண்டைக்காரப் பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றை வேலி தாண்டிப் போய் வயிறு முட்டத் தின்றது. அவ்வளவு சோறு ஆட்டு வயிற்றில் புளித்து விஷமாகிவிடும். அக்கா அதை எங்களிடம் மறைத்திருந்தாள். "அவனூட்டுச் சோத்துல எங்காடு வாய வெச்சுதுன்னு எப்படீங்க சொல்லுறது? மானம் போயிருமுங்களே!" என்றாள்.

விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து வந்த காகிதத்துக்கும் அவரே தன் பெயரில் பதில் எழுதினார். நான் தடுத்தபோது, "விடுங்கம்மா, ஒரு வாரம் சிரிப்பாவ" என்றார். கணக்குத் தப்பிவிட்டது. பதினொரு வருடம் சிரித்தார்கள். டீக்கடைக்குப் போனால், "டாக்டரே, டீத்தூள் போட்டாச்சுங்க, மறக்கலீங்க" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் எத்தனையோ முறை உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன். உடனே ஆனைக்கரையில் மழை எப்படி என்று பேச்சை மாற்றிவிடுவார். மனுஷர் அதில் கெட்டிக்காரர். எனக்கும் அது வசதியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வாரம் ஆய்வகத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் மூன்று பேர் அதே கதையைச் சொன்னார்கள். கூட்டம் அன்போடு சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் ராமாத்தா அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தீனி போடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"அட பாவி மகளே! போற வாற எடத்துலெல்லாம் அந்த மனுசனையில்ல கிண்டல் பண்ணிட்டு இருந்தேன்? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" பிறகு கொஞ்சம் தணிந்து, "செரி, எப்பச் சொல்லப் போற? ஆளுகளை நாங் கூப்புடுறேன்" என்றாள்.

வரும் ஞாயிறு மாலை, அவள் பட்டிக்கு முன்னால், அன்று டாக்டர் நின்ற அதே இடத்தில் நின்று சொல்லப் போகிறேன். அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். எல்லோரும் வாருங்கள், சிரிக்க வேண்டியதை அங்கே என்னைப் பார்த்துச் சிரியுங்கள். டாக்டரின் நுண்ணோக்கியும் நோட்டுகளும் ஆய்வகத்துக்கு, டிபன் கேரியர் ஜெயாவுக்கு. எனக்கென்று அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். பதினொரு வருடம் அவர் சுமந்த என் தவறு.