மேக்கில் மட்டும் ஒரு நாள் முந்திப் பிறந்த மிதுனம்

ஊருக்கு இலவசமாக மென்பொருள் எழுதிக் கொடுக்கும் தொழிலில், நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் அது ஒழுங்காக ஓடுகிறது என்பது ஒரு தகுதியே கிடையாது. வெளியிடப் போகிற அன்றைக்குத்தான் அடுத்தவர் கம்ப்யூட்டரில் போய்த் தலைகுப்புற விழும். இந்த வேதனையை அனுபவித்தவர்கள் மேலே படிக்கலாம். அனுபவிக்காதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

நான் எழுதியது மாதப்பிறப்பைக் கணக்கிடும் ஒரு சின்ன நிரல். களியக்காவிளைக்குக் கிழக்கே தமிழ்நாட்டில் பிறந்து, எல்லை தாண்டிக் கேரளத்தில் பாறசாலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் நான். இரண்டு வீட்டுக்கும் நடுவே பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், ஆனால் சில மாதம் இங்கே ஒரு நாள் தள்ளிப் பிறக்கும். சூரியன் அஸ்தமனத்துக்கு முன்னால் ராசி மாறினால், தமிழ்க் கணக்கில் அன்றைக்கே ஒண்ணாம் தேதி. மலையாளக் கணக்கில் மத்தியானத்தோடு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டி மாறினால் மறுநாள்தான் ஒண்ணு. கல்யாணமான புதிதில் இது தெரியாமல் மாமியாரிடம் வாதாடி மண்ணைக் கவ்வினேன். வாயால் தோற்றதை நிரலால் ஜெயிக்கலாம் என்று உட்கார்ந்ததுதான் வினை.

நெய்யாற்றின்கரையில் அச்சகம் வைத்திருக்கும் ஸ்டீபன் அண்ணன், கோயில் கமிட்டிக்கு வருஷா வருஷம் காலண்டர் அடிப்பவர். இந்த முறை இரண்டு கணக்குத் தேதியும் என் நிரலிலிருந்தே வரும் என்று கமிட்டியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். உலகத்திலேயே எனக்கு இருந்த ஒரே உபயோகிப்பாளர் அவர்தான். ஒரு தேதி தப்பினாலும் காலண்டர் வேலை அவர் கையைவிட்டுச் சிவகாசிக்குப் போய்விடும்.

மூன்றில் ஒன்று

எங்கள் தொழிலில் வெளியிடுவதற்கு முன்னால் நிரலை எங்கோ தூரத்தில் இருக்கும் மூன்று விதக் கம்ப்யூட்டர்களில் ஓட்டிப் பார்ப்பார்கள். லினக்ஸ், விண்டோஸ், மேக். டெஸ்ட் பாஸானால் பச்சை டிக், இல்லையென்றால் சிவப்புப் பெருக்கல் குறி. என் வீட்டில் இருப்பது லினக்ஸ். அதற்குப் பச்சை வந்தது. மற்ற இரண்டுக்கும் வந்த சிவப்பைப் பார்த்து, தூரத்துக் கம்ப்யூட்டர்களுக்குத்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன். நாமெல்லாம் முதலில் அப்படித்தானே நினைப்போம்?

என் வீட்டுக்காரர் பிஜு, பஸ் கண்டக்டர். டியூட்டி முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். மூன்றில் ஒன்று பாஸ், அதனால் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான் என்று கெத்தாகச் சொன்னேன். அவர் சொன்னார்: "ஹாரன் மட்டும் அடிச்சா, பிரேக்கும் ஸ்டியரிங்கும் இல்லாட்டியும் வண்டி எடுக்கலாம்னாக்கும் நீ சொல்லுதது."

ரேஷன் கார்டுக்கு வந்த சோதனை

என்னிடம் விண்டோஸ் கிடையாது. அதனால் ஜங்ஷனில் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கும் லதா சேச்சியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டெஸ்டை ஓட்டினேன். பின்னால் வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று வரிசை நின்றது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்தாக வழிந்தது. உலகத்து நேர வித்தியாசப் பட்டியல் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும் என்று நம்பி அதை நான் கூடவே அனுப்பியிருக்கவில்லை. லினக்ஸ் தன்னிடம் இருந்த பட்டியலை எடுத்துக்கொண்டது. விண்டோஸில் அது அங்கே இல்லை. சோறு கொடுத்துவிட்டு இலை உங்கள் வீட்டில் இருக்கும் என்று சொன்ன மாதிரி ஒரு வேலை. 'எங்கும் ஓடும்' என்று நிரலோடு வைத்த குறிப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தவள் நான்தான்.

பட்டியலைக் கூடவே சேர்த்து மறுபடி ஓட்டினேன். பழைய சிவப்பு போய்ப் புதிய சிவப்பு வந்தது. அம்பூரியிலிருந்து வந்து வரிசையின் முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்து முகம் வெளிறி, என் பக்கமாகக் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "மோளே, அது எனக்க ரேஷன் கார்டாக்கும்னா விட்டுரு, நான் பழைய கார்டு வெச்சு சமாளிச்சுக்கிடுதேன்."

உள்ளே ஆள் உண்டு

அந்தப் புதிய சிவப்பு கதை வேறு. டெஸ்ட் முடிந்ததும் என் நிரல் ஒரு தற்காலிகக் கோப்பை அழிக்கும். ஆனால் அந்தக் கோப்பைத் திறந்தவள் மூடாமலேயே அழிக்கச் சொல்லியிருந்தேன். லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளாது. விண்டோஸ், திறந்து கிடப்பதை அழிக்க முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றது. ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துவிடும் விஷயம். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க மத்தியானச் சாப்பாடு போயிற்று, லதா சேச்சியின் பாதி வியாபாரமும் போயிற்று.

என்னதான் பிரச்சினை என்று சேச்சி கேட்டார். பெரிய விஞ்ஞானம் போல விளக்கினேன். பப்படம் கடித்துக்கொண்டே முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உள்ள ஆளு இருக்கச்சில வெளிய பூட்டு போடப் பாத்திருக்க. கம்ப்யூட்டர் சத்தம் வெச்சது நல்லதாக்கும்."

தாண்டிப் போன டெஸ்ட்

விண்டோஸுக்குப் பச்சை கிடைத்தது. மேக்கில் ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் மசியவில்லை. அது மிதுனம் ஒண்ணைப் பற்றியது, தமிழில் அது ஆனி. சூரியன் ராசி மாறும் நேரம் மலையாளக் கணக்கின் எல்லையோடு ஒட்டி உரசிக்கொண்டு நின்ற மாதம் அது. லினக்ஸும் விண்டோஸும் மறுநாள் என்றன, மேக் மட்டும் இன்றைக்கே என்றது. ஸ்டீபன் அண்ணனோ தினமும் போன் போட்டு, "பிள்ளே, ஆயாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போயிற்று. மேக்காக இருந்தால் இந்த டெஸ்டைத் தாண்டிப் போ என்று ஒரு வரி எழுதினேன். மூன்றும் பச்சை! சக பாவிகளே, நீங்கள் யாரும் செய்யாததா? மாதிரிப் பதிப்பு என்று பெயர் வைத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் சரிபார்ப்பதற்காக, பிறக்கப் போகிற மிதுன மாதத்துக்கு மட்டும் ஒரு தாள் அடித்து, ஆசையாக எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அவர் அச்சகத்தில் டிசைன் செய்வது மேக்கில் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

மாமியார் தாளை அடுக்களைச் சுவரில் மாட்டினார். இங்கே ஒண்ணாம் தேதி விடிந்ததும், கைராசி உள்ள ஒருவர் முதல் ஆளாக வீட்டுக்குள் ஏறுவது வழக்கம். எங்கள் வீட்டுக்கு அது பக்கத்து வீட்டுத் தங்கப்பண்ணன். தாளைப் பார்த்து மாமி அவரிடம் சொல்லிவைக்க, கொட்டுகிற மழையில் குடை பிடித்து, குளித்து நெற்றியில் சந்தனமும் இட்டு வந்து வலது காலை வைத்து ஏறினார். விளக்கு ஏற்றி, காப்பியும் கொடுத்தாயிற்று. அப்போது டிவியில் பெண் ஒருத்தி, நாளை மிதுனம் ஒண்ணு என்று வாசித்தாள். என் உயிர் போய் வந்தது. மாமி என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சாரமில்ல, போகட்டு, இன்னைக்கு உனக்க அம்மை வீட்டுக் கணக்குல கேறியாச்சு. நாளைக்கு எங்க கணக்குல கேறட்டும்" என்றார். அந்த நேரத்தில் அவர் என்னைத் திட்டாமல் விட்டதற்குக் காலில் விழலாம் போல இருந்தது. தங்கப்பண்ணன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கும் வாறேன் மோளே, ஆனா சந்தனம் உனக்க கம்ப்யூட்டர்தான் தரணும்."

ஸ்டீபன் அண்ணனின் மேஜை

மழை விடுவதற்குள் அடுத்த பஸ் பிடித்து நெய்யாற்றின்கரை போனேன். நல்ல வேளையாக முழுக் காலண்டரும் இன்னும் அச்சுக்குப் போயிருக்கவில்லை. ஆனால் கமிட்டித் தலைவர் மாதிரித் தாள்களைப் பார்க்க மத்தியானம் வருவதாக இருந்தது. நடந்ததை அண்ணனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. நாற்காலியை மேக் முன்னால் இழுத்துப் போட்டு, "எனக்க மெசினுக்கு மட்டும் பரீட்சை வேண்டாம்னு வெச்சிட்ட, இல்லியா? இரி, இஞ்சயே இருந்து எழுது" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை.

அங்கேயே உட்கார்ந்தேன். பிழை மேக்கில் இல்லை, என்னிடம்தான். ராசி மாறும் நேரத்தை நான் சௌகரியத்துக்காக முழு நிமிடமாக்கி வைத்திருந்தேன். தசமப் புள்ளிக்குப் பின்னால் கடைசி இலக்கத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் இம்மியளவு வித்தியாசப்படும். சாதாரண நாளில் அதனால் ஒன்றும் ஆகாது. எல்லையில் நிற்கும் நாளில் முழு நிமிடமாக்கும்போது ஒரு நிமிடம் குறைந்து, நாளே மாறிவிடும். நிமிடமாக்குவதை எடுத்துவிட்டு, தாண்டிப் போகச் சொன்ன வரியையும் அழித்து, மூன்றிலும் ஓட்டினேன். அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை, பச்சை, கொஞ்சம் காக்க வைத்து மூன்றாவதும் பச்சை. கமிட்டித் தலைவர் வந்தபோது வருஷம் முழுவதற்கும் திருத்திய தாள்கள் மேஜையில் இருந்தன. அவர் தன் பஞ்சாங்கத்தை விரித்து மாதம் மாதமாக ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார். நிரலை அங்கிருந்தே வெளியிட்டேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

ஆவணியில் தொடங்கும் மலையாளப் புது வருஷக் காலண்டர், ஆடி மாதமே கட்டோடு வீட்டுக்கு வந்தது. இரண்டு கணக்கும் கச்சிதம். பெருமையாகப் புரட்டிக்கொண்டே போனால், கடைசித் தாளின் அடியில், அச்சகத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில், 'தேதியில் பிழை கண்டால் அழைக்கவும்' என்று என் போன் நம்பர். அலறிக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "இந்தக் காலண்டர் போற வீடெல்லாம் உனக்க டெஸ்ட்டாக்கும் பிள்ளே, இதுல ஒண்ணையும் தாண்டிப் போகச் சொல்ல ஒக்காது."

இப்போது யாராவது போனில் தேதி தப்பென்று திட்டினால், என்ன கம்ப்யூட்டர் என்று கேட்பதை விட்டுவிட்டு, மாமியார் எந்த ஊர் என்று கேட்கிறேன்.