காலி செல்லில் ஏறிய கோடு

எட்டணாக் காசு அகலத்தில் இரண்டு வட்டக் கண்ணாடிகள், நடுவில் ஒரு சொட்டுத் திரவம். ஆய்வுக்கூடத்தில் அதை ‘செல்’ என்போம். அன்று அந்தச் சொட்டு இல்லை. ஊற்ற மறந்தவன் நான். ஆனாலும் கணினித் திரையில் சிக்னல் கோடு வழக்கம்போல ஏறிக்கொண்டிருந்தது. அக்கா செல்லைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

அக்கா என் சீனியர். கீழ்க்கட்டளையிலிருந்து ஷேர் ஆட்டோ, பஸ் என்று மாறித் தாம்பரம் தாண்டி எங்கள் கல்லூரிக்கு வருவார். அகச்சிவப்பு லேசர் துடிப்புதான் எங்கள் பிழைப்பு. நொடியைப் பத்து லட்சம் கோடியாகக் கூறு போட்டால் ஒரு கூறுதான் அதன் ஆயுள். அதை நிறம் நிறமாகப் பிரித்து, ஒரு படிகத்தால் ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைத்துத் திரும்பச் சேர்த்தால் துடிப்பின் வடிவம் மாறும். கணினி ஆயிரம் வடிவங்களைப் போட்டுப் பார்த்து, சிக்னலை உயர்த்துவதை வைத்துக்கொள்ளும். செல்லில் உள்ள திரவத்தின் மூலக்கூறை நினைத்தபடி அதிரவைக்கும் வடிவம் கிடைத்துவிட்டது என்பதுதான் அக்காவின் ஆய்வேடு. அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும். வெளிநாட்டு வேலை காத்திருந்தது. வெளிவந்த கட்டுரையில் இரண்டாவது பெயர் என்னுடையது.

மூலக்கூறே இல்லாமல் கோடு ஏறினால்? படிகம் அதிக ஒளியை விடும் வடிவத்தைத்தான் கணினி பிடித்திருக்கிறது. கண்ணாடியில் பட்டுச் சிதறிய ஒளியை நான்கு வருஷமாகக் கொண்டாடியிருக்கிறோம்.

“ஊத்திட்டு மறுபடி ஓட்டிடலாம்க்கா. யாருக்குத் தெரியப் போகுது?”

“நமக்குத் தெரிஞ்சுபோச்சேப்பா” என்றார். வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு நேராக எங்கள் ஆய்வு வழிகாட்டியான கைடிடம் போனார். பின்னாலேயே நானும் போனேன்.

கைடு தாளை வாங்கிப் பார்த்தார். “ஏதாவது இன்ஸ்ட்ருமென்ட் பிராப்ளமா இருக்கும்மா” என்றவர் என் பக்கம் திரும்பினார். “நீயும் பாத்தியா?”

“இல்ல சார். டீ குடிக்கப் போயிருந்தேன்.”

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றும் திகைக்கிறேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மறுபடி ஓட்டிக் காட்டுறேன் சார்” என்றார். காட்டினார். கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். வேலை கைநழுவியது. அக்கா இன்னும் இரண்டு வருஷம் அதே அறையில் உழைத்தார். என்னிடம் எப்போதும்போலத்தான் பேசினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆய்வேடு வந்ததும் நன்றியுரையைப் புரட்டினேன். என் பெயர் இல்லை. அப்பாடா என்றிருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் அந்தக் காலி செல்லின் வரைபடம். கீழே சின்ன எழுத்தில்: தவறு தெரியவந்தபோது உடனிருந்தவர். பக்கத்தில் என் பெயர்.

இப்போது நானும் ஒரு கைடு. புதிதாகச் சேரும் மாணவர்கள் அந்த ஏட்டைப் படித்துவிட்டுக் கண் மின்னக் கேட்கிறார்கள்.

“சார், அன்னிக்கு நீங்க அங்கதான் இருந்தீங்களா?”

“இருந்தேன்” என்கிறேன்.