பிரேமினி எழுதிய கலியாணம்

ஊர்காவற்றுறையில் பிரேமினி விவாகப் பதிவாளராகிப் பதினொரு வருடம். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் பூசையைத் தவறவிட மாட்டார். ஆனால் அவரது பதிவுக் கந்தோர்ச் சுவரில் ஒரு சாமிப் படமும் கிடையாது. கேட்டவர்களிடம், "கும்பிடுறது என்ரை பாடு. கந்தோர் எல்லாருக்கும் பொது" என்பார். சிலருக்கு அது திமிராகப் பட்டது.

போன வைகாசியில் றெக்ஷனும் கம்சிகாவும் அவரிடம் வந்தார்கள். அவன் கடற்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம். அவள் தோட்டம் செய்யும் சைவக் குடும்பம். பிள்ளைகளை இரண்டு வீட்டாருக்கும் பிடித்திருந்தது. ஆனால் கோயிலில் கலியாணம் என்றால் றெக்ஷனின் தாய் செபஸ்தியம்மா வரமாட்டார். தேவாலயம் என்றால் கம்சிகாவின் தாய் அன்னபூரணம் வரமாட்டார். ஒன்றரை வருடமாக இதே இழுபறி.

"ஆராவது சமயம் மாறவேணுமோ அக்கா?" என்று கேட்டாள் கம்சிகா.

"ஒருத்தரும் மாறத் தேவையில்லை. கலியாணத்துக்கு உங்களுக்கு வயசு காணும். ரெண்டு பேருக்கும் சம்மதம். ரெண்டு சாட்சி வேணும், சட்டம் வேறை ஒண்டும் கேளாது."

அதோடு விடவில்லை. அன்று பின்னேரமே ஸ்கூட்டியில் இரண்டு வீட்டுக்கும் போனார். "கோயிலுக்கும் வேண்டாம், சேர்ச்சுக்கும் வேண்டாம். என்ரை கந்தோருக்கு வந்து இருங்கோ" என்று தாய்மாரிடம் சொன்னார்.

பதிவு நாளில் தாய்மார் இருவரும் வந்தார்கள், ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். வராதவர்கள் சாட்சிக்காரர். அனலைதீவிலிருந்து வரவேண்டிய இரண்டு நண்பர்களின் படகு இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டதாம்.

"சாட்சி இல்லாமல் ஏலாது" என்றார் பிரேமினி.

றெக்ஷனின் முகம் செத்துப்போனது. செபஸ்தியம்மா எழும்பினார். "நான் வைக்கிறன் கையெழுத்து."

"அப்ப நானும் வைப்பன்" என்று அன்னபூரணமும் எழும்பினார்.

ஆர் முதலில் என்று இருவரும் மேசையடியில் நின்று யோசித்தார்கள். "ஆர் முந்தினாலும் செல்லும்" என்றார் பிரேமினி. அறையே சிரித்தது. அன்னபூரணத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்கள் போடுங்கோ அக்கா" என்று செபஸ்தியம்மாவிடம் பேனையை நீட்டினார்.

வெளியே வேப்பமரத்தடியில் கேக்கும் பயத்தம் பணியாரமும் ஒரே தட்டுக்கு வந்தன. அன்னபூரணம் மருமகனுக்குத் திருநீறு பூசினார். செபஸ்தியம்மா மருமகளின் நெற்றியில் சிலுவை வரைந்தார். வாய் நிறையப் பணியாரத்தோடு பிரேமினி கைதட்டினார்.

இந்த மாசியில் இதேபோல இன்னொரு சோடி வந்தது. இரண்டு பக்கத்துச் சனத்துக்கும் இருக்கக் கதிரை போதாமல், பக்கத்துக் கந்தோரில் இரவல் வாங்கவேண்டியிருந்தது.